பழைய மோட்டார் கார் வாங்குமுன்



முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்திலே கற்பித்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரை மனத்திலே எண்ணிக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பங்கை எடுத்து, ஒரு மோட்டார் கார் வாங்க அவர் விரும்புகிறார். புதிய வண்டி அவர் கைக்கு எட்டாதது. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலங்கையில் மோட்டார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு வழி மீண்டும் திறந்தது. திறந்த வழியிலும் வரி பெருஞ்சுமையாக நின்றது. இந்நிலையில், அயலூரில் ஒரு மொறிஸ் மைனர் கார் விலைக்கு இருக்கிறதென்ற செய்தி அவர் காதில் விழுகிறது. தாம் சிறுவனாக இருந்தபோது தலைமையாசிரியர் வந்திறங்கிய வண்டி அதுவன்றோ! அவர் மனம் அப்பொழுதே அதில் ஏறி அமர்ந்துவிடுகிறது.

சென்று பார்க்கிறார். புதிதாகச் சாயம் பூசப்பட்ட வண்டி முற்றத்திலே பளபளக்கிறது. சாவியைத் திருப்பி, விசையை இழுத்ததும் இயந்திரம் உயிர் பெறுகிறது. “சத்தத்தைக் கேளுங்கோ ஐயா, தையல் மெசின் மாதிரி” என்கிறார் தரகர். ஆசிரியரும் கேட்கிறார். கேட்டு மயங்குகிறார்.

இந்த இடத்திலேதான் நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். பழைய காரில் இருவகைப் பழுதுகள் உண்டு. ஒருவகை ஓசையிடும், மற்றவகை ஓசையிடாது. ஓசையிடும் பழுது பெரும்பாலும் நமது பணத்தைக் கேட்கும். ஓசையிடாத பழுதோ உயிரையே கேட்கவல்லது. வாங்குவோரிற் பலர் இயந்திரத்தின் ஓசையை முதலிற் கேட்டு, அதிலே திருப்தியடைந்து, மற்றவற்றைப் பாராது விடுகின்றனர். பார்க்கும் ஒழுங்கு இதற்கு நேர்மாறாக இருத்தல்வேண்டும். முதலில் வண்டியின் அடிப்புறம், அடுத்து முன் சில்லுகள், அதன்பின் பிரேக், இயந்திரம் கடைசியில்.

மொறிஸ் மைனரையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இதில் கூறப்படுவன, சிற்சில மாற்றங்களோடு, ஒஸ்ரின் முதலிய அக்கால வண்டிகளுக்கும் பொருந்தும். அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்த இந்தக் கார் 1948 இல் இலண்டனில் நடந்த மோட்டார்க் காட்சியிலே முதன்முதல் வெளிவந்தது. 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தியாயிற்று. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதற் பிரித்தானியக் கார் இதுவே. அக்காலக் கார்களுள் இது எளிமையான அமைப்புடையது, எவரும் திருத்தத்தக்கது. அதனாலேயே நம் நாட்டில் நெடுங்காலம் நிலைத்தது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. மைனர்களுள் மிக இளையதற்கும் இன்று ஐம்பது வயது கடந்துவிட்டது. ஐம்பது வயதான இரும்பு எங்கே தளரும் என்பதை அறிந்தவரே அதை வாங்கத் தகுந்தவர்.

முதலாவது பகை கறள். பழைய லொறிகளில் உறுதியான ஓர் இரும்புச் சட்டம் அடியிலே கிடக்கும். மேற்கூடு அதன்மேல் வைக்கப்பட்டிருக்கும். மைனரின் அமைப்பு அத்தகையதன்று. அதன் தகரக் கூடும், தரையும், பக்கத் தாங்கிகளும் ஒன்றாய் இணைந்தே வண்டியைத் தாங்குகின்றன. எனவே கதவின் கீழே நீளவாட்டில் ஓடும் அந்தப் பெட்டி போன்ற பகுதி வெறும் அழகுக்காக அமைந்ததன்று. அது வண்டியின் முதுகெலும்பு. அதைக் கறள் தின்றுவிட்டால், மேலே எத்துணை அழகிய சாயம் இருந்தாலும் வண்டி முதுகொடிந்ததே ஆகும்.

நமது நாடு கடல் சூழ்ந்த நாடு. நீர்கொழும்பு, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று ஓயாது வீசுகிறது. மழைநீரும் சேறும் தாங்கிகளின் உள்ளே தங்கிவிட்டால், கறள் உள்ளிருந்து வெளியே வளர்கிறது. வெளியே ஒரு சிறு கொப்புளம் தெரியும்போது, உள்ளே பாதித் தகரம் இல்லாதிருக்கக்கூடும்.

இதைக் கண்டறிவது எங்ஙனம்? கையிலே ஒரு சிறு காந்தத்தைக் கொண்டு செல்லுங்கள். ஒரு மெல்லிய துணியால் அதைச் சுற்றி, கதவின் கீழ்ப்பகுதியிலும் சில்லுகளின் மேல்வளைவிலும் வைத்துப் பாருங்கள். தகரம் இருந்தால் காந்தம் பற்றும். ஓட்டையை மாப்பசையால் அடைத்துச் சாயம் பூசியிருந்தால், காந்தம் பற்றாது நழுவும். அடுத்து, தரையிலுள்ள விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். விரிப்பைத் தூக்க விடாத விற்பனையாளர், விடை கூறிவிட்டார் என்றே கொள்ளலாம்.

பின்னர் வண்டியின் கீழே குனிந்து, அல்லது பணிமனையொன்றில் வண்டியை உயர்த்தி, நான்கு இடங்களைக் காணவேண்டும். கியர்ப்பெட்டியின் கீழே குறுக்காகச் செல்லும் தாங்கி ஒன்று. அதன் இரு முனைகளிலும் உள்ள ஜாக்கி வைக்கும் இடங்கள் இரண்டு. முன்புறம் இயந்திரத்தைத் தாங்கும் நீள்கால்கள் மூன்று. பின்புறத்துப் பட்டைவில்கள் வந்து பொருந்தும் இடங்கள் நான்கு. திருப்புளியின் பிடியால் அங்கெல்லாம் மெல்லத் தட்டுங்கள். நல்ல இரும்பு தெளிந்த ஓசை தரும். கறள் தின்ற இரும்பு மந்தமாக ஒலிக்கும். சில வேளை உதிரும். தகரத்தின்மேல் தகரம் வைத்து ஒட்டிய வேலையும் கண்ணில் படும். கெட்ட தகரத்தை வெட்டி அகற்றாமல், அதன்மேலே புதுத்தகரத்தை ஒட்டுவது புண்ணின்மேல் சட்டை அணிவது போன்றது.

இன்னொரு சோதனையும் உண்டு. முன்கதவைப் பாதி திறந்து, அதன் நுனியைப் பிடித்து மெல்ல உயர்த்திப் பாருங்கள். பின்னர் கதவை மூடி, சுற்றிலும் உள்ள இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்று கவனியுங்கள். வண்டியின் ஒரு பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தியபோது கதவு மூடமறுத்தால், கூடு வளைகிறது என்பது பொருள். அந்த வண்டியை வாங்குதல் ஆகாது. பின்புறம் மரச்சட்டம் அமைந்த டிரவலர் என்ற வகையிலே, மரமும் வண்டியைத் தாங்கும் உறுப்பேயாம். அது உக்கியிருந்தாலும் இதே கதிதான்.

இனி இரண்டாவதான முன் சில்லுகளுக்கு வருவோம். மைனரை வாங்க எண்ணுவோர் வேறெதை மறந்தாலும் இதை மறத்தலாகாது. முன் சில்லு ஒவ்வொன்றும் நிமிர்ந்து நிற்கும் ஒரு முளையிலே பொருத்தப்பட்டுள்ளது. அந்த முளையின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மரை வெட்டப்பட்டிருக்கும். அம்முனைகள் மரையிட்ட கூடுகளுக்குள் திருகி நிற்கின்றன. அக்கூட்டை ட்ரனியன் என்பர். சுக்கானைத் திருப்பும்போதெல்லாம் இந்த மரைகள் ஒன்றின்மேல் ஒன்று உராய்கின்றன. ஆகவே அவற்றுக்குக் குறித்த காலத்திலே கிறீஸ் ஏற்றவேண்டும். ஏற்றாது விட்டால் மரைகள் தேய்கின்றன. தேய்ந்து தேய்ந்து, ஒருநாள் கீழ்முளை கூட்டிலிருந்து கழன்றுவிடுகிறது. அக்கணத்தில் சில்லு மடங்கி, வண்டியின் மூலை தரையிலே விழுகிறது.

பெரும்பாலும் இது சுக்கானை முற்றாகத் திருப்பி, மெதுவாக வண்டியை நகர்த்தும் வேளையிலே நிகழும். அப்படி நிகழ்வது நற்பேறு. வேகமாகச் செல்லும்போது நிகழ்ந்தால் என்னாகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. இந்தப் பழுது பெரும்பாலும் முன்னறிவிப்பாக எந்த ஓசையும் தராது. வண்டி நேற்றும் நன்றாக ஓடியிருக்கும். இன்று காலையும் நன்றாக ஓடியிருக்கும்.

சோதிக்கும் முறை எளிது. முன்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, கட்டைகள்மேல் உறுதியாக நிறுத்துங்கள். ஜாக்கியை மாத்திரம் நம்பி வண்டியின் கீழே எவரும் செல்லலாகாது. சில்லின் மேற்புறத்தை ஒரு கையாலும் கீழ்ப்புறத்தை மறுகையாலும் பிடித்து, உள்ளும் புறமுமாக அசைத்துப் பாருங்கள். அதன்பின் ஒரு நெம்புகோலைக் கீழே கொடுத்து, சில்லை மேலும் கீழுமாக அசைக்கச் சொல்லி, கீழ்க்கூட்டைக் கவனியுங்கள். ஆட்டம் தெரிந்தால் மரை தேய்ந்துவிட்டது. கிறீஸ் ஏற்றும் முலைகளையும் பாருங்கள். புதுக்கிறீஸ் வழிந்திருப்பது நல்ல அறிகுறி. முலையின்மேலே காய்ந்த சேறும் சாயமும் படிந்திருந்தால், பல மாதங்களாக அங்கே எவர் கையும் படவில்லை என்பதே பொருள். இந்த உறுப்புகளைப் புதிதாக மாற்றமுடியும், செலவும் தாங்கக்கூடியதே. மாற்றாமல் ஓட்டுவதே தவறு.

மூன்றாவது, பிரேக். மைனரின் பிரேக் எண்ணெயழுத்தத்தால் இயங்குவது. காலால் மிதிக்கும்போது தலைமைச் சிலிண்டரிலிருந்து எண்ணெய் குழாய்வழியே சென்று நான்கு சில்லுகளையும் பிடிக்கச்செய்கிறது. இக்காலக் கார்களிலே இக்குழாய்த்தொகுதி இரண்டாகப் பிரிந்திருக்கும்; ஒன்று பழுதாயின் மற்றது காப்பாற்றும். மைனரிலோ நான்கு சில்லுகளுக்கும் ஒரே தொகுதி. எங்கேனும் ஓரிடத்தில் எண்ணெய் வெளியேறினால், நான்கு பிரேக்குகளும் ஒருங்கே போய்விடும். எஞ்சுவது கைப்பிரேக் ஒன்றே.

அத்துடன், தலைமைச் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே மறைந்திருக்கிறது. எண்ணெய் ஊற்றும் வாயை அடைவதற்கு விரிப்பைத் தூக்கவேண்டும். கண்ணுக்குப் புலப்படாத பொருளை மனிதர் கவனிப்பது அரிது. மேலும் பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பல ஆண்டுகள் கொட்டகையிலே நின்ற வண்டியில் அந்த ஈரம் சிலிண்டர்களின் உட்புறத்தைக் கறளாக்கிவிடும். “ஓட்டமே இல்லை, வீட்டிலேயே நின்ற வண்டி” என்று விற்பனையாளர் பெருமையாகக் கூறுவார். பிரேக்கைப் பொறுத்தமட்டில் அது பெருமையன்று, எச்சரிக்கை.

வண்டி நிற்கும்போதே பிரேக்கை அழுத்தமாக மிதித்து, ஒரு நிமிடம் வரை காலை எடுக்காது வைத்திருங்கள். மிதி மெல்லமெல்லக் கீழிறங்கினால், எங்கோ கசிவு உண்டு அல்லது தலைமைச் சிலிண்டரின் இறப்பர் உறுப்புகள் தேய்ந்துள்ளன. மிதி பஞ்சுபோல் அமுங்கினால் குழாயிலே காற்றுப் புகுந்துள்ளது. இரண்டு மூன்று முறை மிதித்தபின்னரே பிடித்தால், பிரேக்குகளைச் சரிப்படுத்தவேண்டியுள்ளது. பின்னர் ஆளரவமற்ற தெருவில் மெதுவான வேகத்தில் பிரேக் பிடித்துப் பாருங்கள். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், ஒரு சில்லிலே சிலிண்டர் இறுகியிருக்கலாம். அல்லது பிரேக்கின் உராய்பட்டையில் எண்ணெய் பட்டிருக்கலாம். இவற்றைச் சீர்செய்யாமல் வண்டியை வீட்டுக்கு ஓட்டிச்செல்லலாகாது, இழுத்தே செல்லவேண்டும்.

ஓசையற்ற பழுதுகளைக் கண்டோம். இனி ஓசையிடும் இயந்திரத்துக்கு வருவோம்.

நீங்கள் செல்லும்போது இயந்திரம் குளிர்ந்திருக்கவேண்டும். முன்மூடியைத் தொட்டுப்பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே இயக்கியுள்ளார்கள். குளிரிலே எழும்ப மறுக்கும் குறையை அது மறைத்துவிடும். முதலில் எண்ணெய் அளவுகோலை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் பால்கலந்த தேநீர்போல் இருந்தால் தண்ணீர் அதிலே கலந்துள்ளது. றேடியேற்றர் மூடியையும், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது மாத்திரம், திறந்து பாருங்கள். நீரின்மேல் எண்ணெய் மிதந்தால் அதுவும் அதே நோயின் அறிகுறி. சிலிண்டர்த் தலையின் அடைப்புத்தகடு கெட்டிருக்கலாம். அல்லது தலையே வெடித்திருக்கலாம்.

பின்னர் இயக்கி, புகையைக் கவனியுங்கள். முதலிலே சிறிது வெண்ணீராவி வருவது இயல்பு. சூடேறியபின்னும் வெண்மை நீடித்தால் தண்ணீர் எரிகிறது. நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். வேகத்தைக் கூட்டும்போது நீலப்புகை வந்தால் பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர்ச் சுவர்களும் தேய்ந்துள்ளன. இறக்கத்திலே காலை எடுத்துச் சென்று, மீண்டும் அழுத்தும்போது மாத்திரம் புகைத்தால் வால்வுகளின் வழிகாட்டிகள் தேய்ந்துள்ளன. கரும்புகையானால் பெற்றோல் மிகுந்து செல்கிறது. அது சிறு பழுது. அடிப்புறத்திலிருந்து கனத்த முழக்கமோ தட்டலோ கேட்டால், சுழல்தண்டின் தாங்கிகள் தளர்ந்துள்ளன, அது பெருஞ்செலவு.

வடபகுதியில் நெடுங்காலம் ஓடிய வண்டியாயின், ஒரு சிறப்பான கேள்வியையும் கேட்கவேண்டும். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின், பெற்றோல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குச் செல்லாது தடுக்கப்பட்ட ஆண்டுகளில், நம்மவர் இந்தப் பழைய கார்களை மண்ணெண்ணெயால் ஓட்டினர். சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். நோயாளரை மருத்துவமனைக்கும் பிணத்தைச் சுடலைக்கும் கொண்டுசென்றவை இந்த வண்டிகளே. அவற்றை நன்றியோடு நினைத்தல் தகும். ஆனால் அச்சேவைக்கு இயந்திரம் ஒரு விலை கொடுத்தது. மண்ணெண்ணெய் முற்றாக ஆவியாவதில்லை. எரியாத மிச்சம் சிலிண்டர்ச் சுவர் வழியே வழிந்து, அங்குள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, கீழுள்ள எண்ணெயையும் நீர்க்கச்செய்யும். அதனால் வளையங்களும் தாங்கிகளும் விரைவில் தேய்ந்தன. அக்காலத்துக்குப்பின் இயந்திரம் முற்றாகக் கழற்றிப் புதுப்பிக்கப்பட்டதா என்று கேளுங்கள். நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தத்தை அளக்கச்செய்வது இன்னும் நல்லது. நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் கவலையில்லை. ஒன்று மாத்திரம் தாழ்ந்திருந்தால் காரணம் காணவேண்டும்.

இன்னொரு மாற்றமும் நேர்ந்தது. 2002 ஆம் ஆண்டில் இலங்கையில் ஈயங்கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. மக்களின் உடல்நலத்துக்கு அது பெரும் நன்மை. ஆயினும் பழைய இயந்திரங்களில் வால்வுகள் வந்து அமரும் இருக்கைகளுக்கு அந்த ஈயமே ஒரு மெத்தைபோல் உதவியிருந்தது. ஈயமின்றி நெடுந்தூரம் விரைந்து ஓட்டினால் இருக்கைகள் மெல்லத் தேயும், அழுத்தமும் குறையும். வன்மையான இரும்பு இருக்கைகளைப் பதித்துவிட்டால் இக்குறை நீங்கும். அது செய்யப்பட்டுள்ளதா என்பதையும் வினவுங்கள். மேலும், யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் சுண்ணாம்பு மிகுந்தது. அதையே ஊற்றிவந்த வண்டியில் றேடியேற்றரின் உள்ளே சுண்ணாம்பு படிந்து, வெயிலிலே இயந்திரம் கொதிக்கும். எனவே பரீட்சையோட்டம் அரைமணி நேரமாவது நீடிக்கவேண்டும்.

அவ்வோட்டத்திலே கியரையும் கவனிக்கலாம். முதற்கியரில் அக்காலத்தில் இணக்கப்பொறி வைக்கப்படவில்லை. ஆகவே வண்டி நகரும்போது அதைப் போட்டால் கரகரக்கும். அது பழுதன்று. இரண்டாங் கியர் கரகரத்தால், அல்லது இறக்கத்தில் காலை எடுத்ததும் கியர் தானே கழன்றால், பெட்டியைத் திறக்கவேண்டும். மின்னமைப்பில் ஒன்றைமட்டும் நினைவிற் கொள்ளுங்கள். இக்கார்களில் பற்றரியின் நேர்முனையே வண்டியின் கூட்டோடு இணைக்கப்பட்டது; இக்கால வழக்கத்துக்கு இது நேர்மாறு. அறியாமல் பற்றரியையோ வானொலிப் பெட்டியையோ மாற்றி இணைத்தால் கருவிகள் எரிந்துபோகும். ரயர்களில் பள்ளம் ஆழமாக இருந்தாலும், பக்கத்திலே வெடிப்புண்டா என்று காணுங்கள். பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு கிழமையையும், பின்னிரண்டு ஆண்டையும் காட்டும். 2318 என்று இருந்தால் அது 2018 ஆம் ஆண்டின் 23 ஆம் கிழமையில் செய்யப்பட்டது. குறைந்த ஓட்டமுள்ள பழைய காரில் ரயர் தேயாமலே கிழடாகும்.

இறுதியாகப் பத்திரங்கள். வண்டியின் அடிச்சட்ட இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் உங்கள் கண்ணாலே வாசித்து, பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இத்தனை ஆண்டுகளில் இயந்திரம் மாற்றப்பட்டிருத்தல் இயல்பே. அம்மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலே பதியப்பட்டதா என்பதே கேள்வி. வண்டியின்மீது கடனுரிமை எவருக்கேனும் பதியப்பட்டுள்ளதா என்பதையும் பாருங்கள்.

உதிரிப்பாகங்கள் கிடைக்குமா என்ற அச்சம் பலருக்குண்டு. மைனரைப் பொறுத்தமட்டில் அந்த அச்சம் பெரிதும் வேண்டியதில்லை. பிரித்தானியாவிலே இந்த வண்டியைப் பேணுவோர் பலர் உள்ளமையால் அங்கே உறுப்புகள் இன்றும் செய்யப்படுகின்றன. 1990களிலே இலங்கையிலேயே மைனரின் உறுப்புகளைச் செய்து பிரித்தானியாவுக்கு அனுப்பியதும் உண்டு.

இனி நமது ஆசிரியரிடம் திரும்புவோம். இயந்திரம் சிறிது புகைக்கிறது, இரண்டாங் கியர் கரகரக்கிறது, ஆனால் அடிப்புறம் உறுதியாக உள்ளது என்றால், அவர் அஞ்சவேண்டியதில்லை. திருத்துஞ்செலவைக் கணக்கிட்டு, அதை விலையிலே கழித்துக் கேட்கலாம். மாறாக, இயந்திரம் தேன்போல் ஓடுகிறது, ஆனால் கதவின் கீழே காந்தம் பற்றவில்லை என்றால், விலை எத்துணை மலிவாயினும் அவர் வணக்கங் கூறி வெளியேறுவதே முறை. இயந்திரத்தைக் கழற்றிப் புதுப்பிக்கலாம். உக்கிய கூட்டைப் புதுப்பிக்கப் புகுந்தால், வண்டியின் விலையைவிட மிகுந்த பணம் கரைந்துபோகும்.

பகலிலே செல்லுங்கள், மழைநாளில் செல்லாதீர்கள். நனைந்த சாயம் மேடுபள்ளத்தை மறைக்கும். விற்பனையாளருக்கு அறிமுகமில்லாத, தொழில் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். அந்த ஒருநாட் கூலியைச் செலவென்று எண்ணவேண்டாம். பேரப்பிள்ளைகளைப் பின்னாசனத்தில் ஏற்றிக்கொண்டு ஆசிரியர் புறப்படும் நாளிலே, முன்சில்லும் பிரேக்கும் அவரைக் கைவிடாதிருப்பதற்கு அவர் செலுத்தும் முதற்காப்பு அதுவே.